சிவப்புப் பொட்டலம்

சோப்பைக் குழைத்துத் தடவிய பிறகுதான் மர்சலினின் விரலை விட்டுக் கல்யாண மோதிரம் கழன்றது. கோயிலில் போட்ட நாளிலிருந்து கழற்றாத மோதிரம். அது இருந்த இடத்தில் வெளுப்பாய் ஒரு வளையம் தெரிந்தது.

பக்கவாசலில் மீன்கூடையை இறக்கிக்கொண்டிருந்த குப்பம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, மோதிரத்தைக் கயட்டிக்கினு கீற? சேட்டு கடைக்கா?"

"சும்மா, அழுக்கு எடுக்கத்தான்."

"அழுக்கு எடுக்கறவ இன்னாத்துக்குக் கொல்லைப் பக்கமே பாத்துக்கினு கீற? ஐயாவுக்குத் தெரியாமத்தானே? நான் ஏன் சொல்லப் போறேன்? வஞ்சரம் கீது, வாங்கிக்கோ."

வேண்டாத வஞ்சரத்தை வாங்கிக்கொண்டு மர்சலின் கதவைச் சாத்தினாள். கடைக்குப் போகும் எண்ணமே அவளுக்கு இல்லை. முன்னறைக்கு வந்து, கணவர் அல்போன்ஸின் மேஜையிலிருந்த அரத்தை எடுத்து, மோதிரத்தின் உட்புறத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். கொல்லையில் அவர் உலைக்குக் கரி உடைக்கும் சத்தம் அரத்தின் சத்தத்தை விழுங்கிக்கொண்டது.

சாந்தோம் வீட்டின் அந்த முன்னறைதான் அல்போன்ஸின் பரிசோதனைச் சாலை. பூமியைத் துளைத்தெடுத்த கல்லைப் பொடியாக்கிக் கம்பெனிக்காரர்கள் அவரிடம் அனுப்புவார்கள். அதை ஈயத்தோடு உருக்கி, எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துக் காய்ச்சினால் ஈயத்தையெல்லாம் கிண்ணம் குடித்துவிடும். கல்லில் தங்கம் இருந்தால் கடுகிலும் சிறியதாக ஒரு மணி மிஞ்சும். இல்லையென்றால் வெறும் கிண்ணம்தான்.

மர்சலினின் தம்பி வால்டர், சண்டை முடிந்ததும் பட்டாளத்திலிருந்து அனுப்பப்பட்டு, வேலையில்லாமல் திரிந்தவன். இப்போதுதான் அனந்தப்பூர் பக்கம் தங்கம் தேடும் ஒரு கம்பெனியில் துளை போடும் மெஷினில் இடம் கிடைத்திருந்தது. அவனுக்கும் டோரதிக்கும் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. போன வாரம் வந்தவன் சட்டையெல்லாம் செம்மண்ணாக நின்றான்.

"போட்ட துளையிலெல்லாம் ஒண்ணுமில்லக்கா. இந்தக் கடைசியிலயும் இல்லேன்னா மெஷினைக் கழட்டிடுவாங்க. வேலை இல்லாதவனுக்குப் பொண்ணு இல்லேன்னு டோரதி அப்பா மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டார்."

அவன் போனதும் அவள் கணவரிடம் மெல்லப் பேச்செடுத்துப் பார்த்தாள். "கொஞ்சம் இருக்குன்னு எழுதிக் குடுத்தா என்னங்க? யாருக்கு நஷ்டம்?"

அல்போன்ஸ் கோபிக்கவில்லை. "ஒரு தடவை பொய்யா எழுதிட்டா, அப்புறம் நான் சொல்ற நிஜத்தையும் எவனும் வாங்க மாட்டான், மர்சலின். நம்ம வீட்டுல அடுப்பு எரியறதே அந்த ஒரு பேரை வச்சுத்தான்."

இன்று காலை வால்டரின் கம்பெனி அதிகாரி ஸ்ரீரங்கன் மயிலாப்பூரிலிருந்து தாமே வந்து இரண்டு பொட்டலங்களைக் கொடுத்திருந்தார். அவற்றின்மேல் எண் மட்டுமே இருந்தது.

"கடைசித் துளையும் இதுல இருக்கு. எது எங்கேருந்து வந்ததுன்னு சொல்லப்படாது, கம்பெனி சட்டம். நாளைக்கு வரேன், அல்போன்ஸ். தென்னை மட்டை விழுந்து எங்காத்துக் கூரை ஓடு உடைஞ்சு கிடக்கு. அதை வேற பாக்கணும்."

மர்சலின் பொட்டலங்களைப் பிரித்தாள். ஒன்றில் சாம்பல் நிறப் பொடி. மற்றதில் சிவப்பு. வால்டரின் சட்டை அவள் கண்முன் வந்து நின்றது.

மோதிரத்தைத் தேய்த்த தூளைச் சிவப்பில் கொட்டி, விரலால் கலந்து, பழையபடியே மடித்து வைத்தாள். சிலுவை போட்டுக்கொள்ள எழுந்த கையைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டாள்.

மறுநாள் ஸ்ரீரங்கன் வந்தபோது அவள் கதவோரம் நின்றிருந்தாள். சோப்பு போட்டால்தான் கழன்ற மோதிரம் இப்போது விரலில் தானாகச் சுழன்றது.

"என்ன சொல்றது உம்ம உலை?"

"சாம்பல் பொடியில இருக்கு, சார். நல்லாவே இருக்கு."

ஸ்ரீரங்கன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பேஷ்! அதுதானய்யா கடைசித் துளை! மேலேதான் செம்மண், உள்ளே கல்லெல்லாம் சாம்பல். மெஷின்ல கை வைக்காதேன்னு இப்பவே தந்தி அடிக்கணும்." சட்டைப் பையிலிருந்து தந்திக் காகிதத்தை எடுத்து விரித்துப் பேனாவைத் திறந்தார்.

மர்சலினுக்குக் கண் நிறைந்தது. சாம்பல்தான் வால்டருடையது. அவள் கை படாமலே அதில் தங்கம் இருந்திருக்கிறது.

அப்படியென்றால் அந்தச் சிவப்பு?

"ஏங்க..." என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அல்போன்ஸ் இன்னொரு கிண்ணத்தைப் பெருமையோடு முன்னால் நகர்த்திவிட்டார்.

"சிவப்புல இதைவிட அதிகம், சார்!"

பேனா நின்றது. ஸ்ரீரங்கன் கிண்ணத்தில் மின்னிய மணியைப் பார்த்தார். அல்போன்ஸின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தந்திக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"சிவப்பு, உம்ம உலையைச் சோதிக்க நான் பொடிச்ச எங்காத்துக் கூரை ஓடு, அல்போன்ஸ்."