நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது.

"போச்சு. லிஃப்டுக்கே நம்மள விட மனசில்ல" என்று சிரித்தபடி கணவன் மணியை அழுத்தினான். "வந்துட்டோம் சார்" என்று எங்கிருந்தோ குரல் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை.

இரண்டு பேர் நின்றாலே மூச்சு முட்டுகிற பெட்டி. ஆறாம் மாடியில் என்ன இருக்கிறது என்று அவன் வழியெல்லாம் கேட்டுவிட்டான். வந்துதான் பாருங்களேன் என்பதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை.

அவன் கைபேசி அடித்தது. லீவில் ஊருக்கு வந்திருப்பவனை அழைத்தது, அவன் வேலை பார்க்கும் வளைகுடாக் கம்பெனி. புது மேலாளர், ஆட்களின் விவரம் கேட்கிறாராம். பெண்டாட்டி தோளோடு தோள் நின்றும் அவன் குரலைத் தாழ்த்தவில்லை. அரபியில் பேசினால் அவளும் ஒன்று, சுவரும் ஒன்று.

அப்படித்தான் அவன் நினைத்திருந்தான்.

நர்ஸ் வேலை முடிந்த மாலைகளில் அவள் அவனுக்குத் தெரியாமல் அரபி படித்து வந்தாள். "நிலக்கடலைச் செடி மாதிரிம்மா. மூணெழுத்து வேரைப் புடிச்சு இழு, கொத்தோட வரும்" என்பாள் டீச்சரம்மா. கிதாப் என்றால் புத்தகம். அதே வேரில் எழுதுகிறவன் காதிப். எழுத்து வேலை நடக்கும் அலுவலகம் மக்தப். ஒன்றைப் படித்தால் இரண்டு இனாம்.

ஸவ்ஜ், கணவன். ஸவ்ஜா, மனைவி. ஸவாஜ், திருமணம். ஆசை ஆசையாய் அவள் முதலில் பிடுங்கிய கொத்து அதுதான்.

"லா, லா" என்றான் அவன் போனில். "கைர் முதஸவ்விஜ்."

லா, இல்லை. கைர், அல்லாத. மூன்றாவது சொல்லை அவள் எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை. ஆனால் குடும்ப ஜாடை எங்கே போகும்? அதே மூன்றெழுத்து.

கல்யாணம் ஆகாதவன்.

முதுகில் தகரச் சுவர். தள்ளி நிற்க ஓரடி இடமில்லை. அவன் மூச்சு விடும்போதெல்லாம் அவன் தோள் அவளை இடித்தது.

போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். "குடும்ப விசா கேட்டுப் பார்த்தேம்மா. கல்லு மாதிரி நிக்கிறானுங்க. இந்த வருஷமும் கிடையாதாம்."

எத்தனை வருஷமாக அந்தக் கல்லைச் சபித்திருப்பாள்!

"பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள்.

லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. ஆறாம் மாடியில் கதவு திறந்ததும், "நீங்க கீழ போய் வண்டிய எடுங்க. இங்க எனக்கு மட்டுந்தான் வேலை" என்று இறங்கிக்கொண்டாள்.

வெளிநாட்டுக்கு நர்ஸுகளை அனுப்பும் அலுவலகம். மேசைக்காரம்மா எழுந்தே வந்துவிட்டாள்.

"வாம்மா! நீ கெஞ்சிக் கேட்டியே, அதே ஊரு, அவர் இருக்கிற தெருவுக்கு அடுத்த தெரு ஆஸ்பத்திரி. கையெழுத்துதான் பாக்கி. எங்க உன் வீட்டுக்காரரு? திகைக்க வைக்கப் போறேன்னியே?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேற ஊர் ஏதாவது இருக்காக்கா?"