ஹோலுக்குள் ஒரு கோட்டை

விளையாட்டுப் பெட்டியிலிருந்த குச்சிகளைப் பொருத்தி, பெட்சீட்டைப் போர்த்தி, சிறுமி நஸ்லா வீட்டு ஹோலின் நடுவே கோட்டை கட்டியிருந்தாள்.

“மாப்பிள்ளை ஊட்டாக்கள் வாற நேரம். அதக் கழட்டிப்போட்டு நஸ்லாவ சாச்சி ஊட்ட அனுப்பு,” என்றார் உம்மா.

“கழட்டமாட்டன். அவளும் போகமாட்டாள்,” என்றாள் றாஹிலா.

“நல்ல இடத்துச் சம்மந்தம். கெடுத்துப்போடாத.”

“கெட்டாக் கெடட்டும்.”

வாசலில் வேன் வந்து நின்றது. உள்ளே வந்ததும் மாப்பிள்ளையின் தாய், “பொண்ணு எங்க?” என்று கேட்டார்.

கோட்டையின் பெட்சீட் விலகியது. நஸ்லாவை மடியில் இருத்தியபடி றாஹிலா நிமிர்ந்து பார்த்தாள்.

“நான்தான் பொண்ணு. இவள் எண்ட மகள். உங்களிட்ட மறைச்சிட்டாங்க. பாக்கிறதெண்டா ரெண்டு பேரையும் பாருங்க.”

உம்மா சுவரோடு சாய்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து கோட்டைக்குள் நுழைந்தார்.