மூன்றில் இரண்டு பங்கு

டெசா கழுத்து டையை நேராக்கிக்கொண்டு மசோதாவைக் கையில் வாங்கினாள்.

அது ஹால்வர்சன் டீச்சரின் கணவருடைய பழைய டை. அவளுக்கு முழங்கால்வரை தொங்கியது. மூன்றாம் வகுப்பில் அந்த வாரம் யார் ஜனாதிபதியோ அவர் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்ற பிள்ளைகள் எல்லாரும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம்.

நாட்டில் சட்டம் எப்படி உருவாகிறது என்று புரியவைக்க டீச்சர் கண்டுபிடித்த விளையாட்டு அது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சூயிங் கம் மெல்லலாம் என்று ஒரு சட்டம் வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடம் கூடாது என்று இன்னொன்று. கணக்குப் பாடத்தையே ஒழித்துக்கட்ட ஒரு மசோதா வந்தபோது, அந்த வாரத்து ஜனாதிபதி அதை வீட்டோ போட்டுத் தடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் எல்லாரிடமும் ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இந்த வாரத்து மசோதாவை எழுதியது கோல்பி. சரியான வாயாடி. டெசாவுக்கு உயிர்த்தோழன்.

'பூட்டின கதவை டெசா வந்து தட்டினா, திறக்கணும்.'

அவ்வளவுதான் மசோதா.

திங்கட்கிழமை பள்ளியில் ஒத்திகை நடந்திருந்தது. துப்பாக்கியோடு எவனாவது நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்ற ஒத்திகை. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சுவரோரம் மூச்சுக் காட்டாமல் உட்கார வேண்டும். பூட்டிய கதவை யாருக்காகவும் திறக்கக் கூடாது.

டெசா அப்போது வெளியே மாட்டிக்கொண்டாள். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் அவளுக்குச் சர்க்கரை பார்த்து ஊசி போட வேண்டும். நர்ஸ் அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

தட்டினாள். பெயரைச் சொன்னாள். மறுபடியும் தட்டினாள்.

டீச்சர் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. ஒத்திகைதானே, திறந்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? அன்றிலிருந்து இதையே தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெட்கமாக இருக்கிறது.

கோல்பியின் மசோதாவுக்கு வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. கோல்பி இரண்டு கைகளையும் தூக்கினான். இனி ஜனாதிபதி கையெழுத்துப் போட்டால் சட்டம்.

டெசா பென்சிலை எடுத்தாள். காகிதத்தின் குறுக்கே 'வீட்டோ' என்று பெரிதாக எழுதினாள்.

"ஏய், லூசா நீ? உனக்காகத்தான எழுதினேன்?" என்றான் கோல்பி.

"எனக்குத் திறந்தா, பின்னாடியே அவனும் உள்ள வந்துருவான்ல?"

எவன் என்று யாரும் கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? 

நர்ஸ் அறைக்குப் போகிற நேரம் வந்துவிட்டது. டெசா டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மருந்துப் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து டீச்சரின் காதோரம் கேட்டாள்.

"மிஸ், நான் வேண்டாம்னு சொன்னாலும், மூணுல ரெண்டு பங்குப் பேர் கை தூக்கிட்டா அது சட்டமாயிரும்ல? நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாடா கண்ணு. ஆயிரும்."

டெசா நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். டீச்சருக்கு அப்புறம்தான் உறைத்தது. பிள்ளை தோற்க ஆசைப்படுகிறாள்.

கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது.

டீச்சர் எல்லாரையும் மேசைமேல் தலை கவிழச் சொன்னார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் கை தூக்கக் கூடாது.

"டெசா வேண்டாம்னு சொன்னாலும் பரவாயில்ல, இந்தச் சட்டம் வேணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க. நிஜமாவே யோசிச்சுத் தூக்கணும்."

ஹீட்டர் கடகடத்தது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை பார்த்தார். மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

"சரி. கையை இறக்கிக்கலாம்."

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

பிள்ளைகள் ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. டீச்சர் ஓட்டமாகப் போய்த் திறந்தார்.

"மிஸ், தோத்துட்டேனா?" உள்ளே வரும்போதே கேட்டாள் டெசா.

"தோத்துட்ட. மூணுல ரெண்டு பங்குக்கு மேலயே வந்துருச்சு."

பாவம், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சிரிப்பை அடக்க முடியாமல் நேராகக் கோல்பியிடம் போய் அவன் தோளில் ஒரு இடி இடித்தாள்.

"தாங்க்ஸ்டா."

வாயாடிக் கோல்பி அழிப்பானை எடுத்து, மேசையில் ஒன்றுமில்லாத இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சூயிங் கம் சட்டத்துக்குக் கூரை பிய்ந்துபோகிற மாதிரிக் கத்திய வகுப்பு, இதற்குக் கைதட்டக்கூட இல்லை. பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டார்கள்.

டீச்சர் மசோதாவைச் சுவரில் மற்ற சட்டங்களோடு ஒட்டினார். பிறகு கதவருகே போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது.

கையை இறக்கச் சொன்னாரே, அப்போது இறக்குவதற்கு அந்த வகுப்பில் ஒரு கைகூட மேலே இல்லை.

கோல்பியின் கையும் இல்லை.