இன்னொரு தடவை அமுக்குங்க!

"இன்னும் இல்லீங்க! மறுபடி அமுக்குங்க!" என்று உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்.

வாசலில் நின்ற கணவன் பஸ்ஸரை அமுக்கினான். வீடே அலறியது.

"இப்ப?"

"ம்ஹூம்."

"இன்னிக்கே வேலை செய்யும்னு அடிச்சுச் சொன்னாங்களே! நல்லாப் பாரு."

"கண்ணை எடுக்காமத்தாங்க பார்த்துக்கிட்டிருக்கேன்!"

கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகப் படியேறி வந்தார்.

"ஏன் தம்பி, பஸ்ஸர் கெட்டுப்போச்சுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கண்ணயர்ந்த மனுஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டுது."

"மன்னிச்சிருங்கண்ணே. இன்னும் ஒரே ஒரு தடவை."

அமுக்கினான். எலக்ட்ரீஷியன் காதைப் பொத்திக்கொண்டார்.

"நல்லாத்தானேப்பா கத்துது! இதுக்கு மேல அது என்ன வேலை செய்யணும்?"

உள்ளே ஸ்டூல் கவிழும் சத்தம் கேட்டது.

"என்னங்க! ஓடி வாங்க! திரும்பிட்டா! திரும்பிப் பார்த்துட்டா!"

இருவரும் உள்ளே ஓடினார்கள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு வயது மகள், தன்னை யாரோ கூப்பிட்டதுபோல இப்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து எந்தச் சத்தத்தையும் கேட்டறியாதவள். அவளுடைய காதுக் கருவியை மருத்துவமனையில் அன்று காலையில்தான் இயக்கிவிட்டிருந்தார்கள்.

அம்மா அழுதாள், சிரித்தாள்.

எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, சத்தமில்லாமல் வாசலுக்குப் போனார். பஸ்ஸர் அருகே விரலை வைத்தபடி எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நான் ஒரே ஒரு தடவை அமுக்கிக்கட்டுமா?"