சொல்றதுக்கில்ல

ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர், தன் வீட்டுக்கே இணைப்புக் கொடுத்திருக்கும் இன்டர்நெட் கம்பெனியில் வேலை கேட்டுப் போயிருந்தார்.

“ராணுவத்துல என்ன மாதிரி நெட்வொர்க் பார்த்தீங்க?” என்று கேட்டார் மேனேஜர்.

“சொல்றதுக்கில்ல சார்.”

“எந்த ஊர்ல?”

“அதுவும் சொல்றதுக்கில்ல.”

“லைன் அறுந்துபோனா எவ்வளவு நேரத்துல சரி பண்ணுவீங்க?”

“அதைச் சொல்லவே கூடாது சார்.”

மேனேஜர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

விஷயத்தைக் கேட்டதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா? இனி எவன் உங்களுக்கு வேலை குடுப்பான்?”

ஆனால் மறுநாளே, உடனே வந்து சேரச் சொல்லி போன் வந்துவிட்டது.

“என்ன வேலையாம்?” என்றாள் மனைவி.

“சொல்றதுக்கில்ல” என்றபடி அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், சீரியலில் மருமகள் மாமியாரை எதிர்த்துப் பேச வாயைத் திறந்த இடத்தில் இன்டர்நெட் நின்றுபோனது. மனைவி கொதித்துப்போய் கம்பெனியின் புகார் எண்ணுக்கு போன் போட்டாள்.

“ஏங்க, நெட் ஏன் வரல?”

“சொல்றதுக்கில்ல மேடம்.”

“எப்பதான் வரும்?”

“அதுவும் சொல்றதுக்கில்ல மேடம்.”

எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசித்தாள்.

“என்னங்க, நீங்களா?”

மறுமுனையில் குரல் இன்னும் தாழ்ந்தது.

“சொல்றதுக்கில்ல மேடம்.”