சுண்டுவிரல் டிராக்டர்

சுண்டுவிரலால் கயிற்றை இழுத்தால் போதும், இந்தத் தோட்டத்து டிராக்டர் கிளம்பி ஊரையே உழுதுவிடும் என்கிறார் ஓய்வுபெற்ற தபால்காரர். ஐம்பது வயது வண்டி. ஒன்பது மாதமாகத் துரு தேய்த்துச் சிவப்பு பூசியும் ஒருமுறைகூட இருமியதில்லை. இன்றும் கிளம்பாவிட்டால் எடைக்குப் போட்டுவிடுவதென்று மனைவி அழைத்துவந்த பழைய இரும்புக்காரர் கொட்டகை வாசலில் நிற்கிறார். தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே வெயில் என்ஜின்மேல் காசு காசாக விழுகிறது. அடுப்பில் சூடாக்கிய ஸ்பார்க் பிளக்கை இடுக்கியில் கைக்குழந்தைபோல ஏந்திவந்து பொருத்துகிறார் தபால்காரர். “என்னை ஒருநாள் இப்படித் தாங்கியிருக்கீங்களா?” என்கிறாள் மனைவி. “நீ சூடானா பிடிக்கிற மாதிரி இடுக்கி இன்னும் வரலையே.” இரும்புக்காரர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு தெருப்பக்கம் திரும்புகிறார். கயிறு சுற்றுவதற்கு வாகாக என்ஜின் சக்கரத்தைத் தபால்காரர் கையால் மெல்லத் திருப்புகிறார். டக் என்றொரு சத்தம். நீலப்புகை வளையம் ஒன்று எழுகிறது. பிறகு டகடகவென்று கொட்டகையே அதிர, அலமாரியில் போல்ட்டு டப்பாக்கள் நகர்கின்றன. கயிறு இன்னும் அவர் தோளில்தான் தொங்குகிறது. அவர் தன் சுண்டுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். “சுண்டுவிரலாலயா இழுத்தாரு?” என்று கத்திக் கேட்கிறார் இரும்புக்காரர். வண்டியையே பார்த்துக்கொண்டிருக்கும் மனைவி தலையசைக்கிறாள். “கயித்தத் தொடவே இல்லங்க. நானே பார்த்தேன். நீங்க போயிட்டு வாங்க.”