இருவரும் ஒத்துப்போன இடம்

"வெர்னா, உங்க மகன் காலின் நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவன். போரை நிறுத்தக் கூடாதுன்னு நீங்க மேடையேறிச் சொன்னா ஊரே கேட்கும்," என்றார் டுவைட்.

"எந்த நாட்டுக்காக? எவனோட சண்டைக்கோ நம்ம பிள்ளை செத்தான். மத்த சிப்பாய்களையாவது திரும்பக் கூப்பிடுங்கன்னுதான் அவங்க பேசணும்," என்று மறித்தார் லோரன்.

நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் குடியரசுக் கட்சி அலுவலகம் தேர்தல் நெருங்க நெருங்க, ஒரு மாதமாக இப்படித்தான் இரண்டுபட்டுக் கிடந்தது.

"நீ பேசாதய்யா. எல்லையைப் பூட்டுன்னு கத்தறே. பூட்டிட்டா என் பன்றிப் பண்ணையில யார் கழிவை அள்ளுவா, நீயா?" என்றார் டுவைட்.

"இப்படிச் சொல்லியே ஊரை வெளியாளுங்களுக்குக் கொடுத்துட்டே."

முப்பது வருடமாக இந்தக் கட்சிக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்டவள் வெர்னா. இருவரும் ஓயும்வரை காத்திருந்தாள்.

"பேசறேன். காலின் மனைவியும் என் பக்கத்துல நிக்கணும்."

"தாராளமா," என்றார்கள் இருவரும். "எங்கே அந்தப் பொண்ணு?"

"தடுப்புக் காவல்ல. செவ்வாய்க்கிழமை குடியேற்றத் துறைக்காரங்க பிடிச்சுட்டுப் போனாங்க. மாரிசோல் குவாத்தமாலாவுல பிறந்தவ, இங்கே தங்கறதுக்கான பேப்பர் இன்னும் வரலை. நீங்க ரெண்டு பேரும் அவளுக்காகக் கடிதம் கொடுத்தா உதவும்னு வக்கீல் சொல்றார்."

டுவைட் லோரனைப் பார்த்தார். லோரன் தரையைப் பார்த்தார்.

"தேர்தல் முடியட்டும், வெர்னா," என்றார் டுவைட்.

"ஆமா, அதான் நல்லது," என்றார் லோரன்.



"அப்போ என் பிள்ளை பேரையும் இனி நீங்க சொல்லாதீங்க," என்று எழுந்து வண்டிக்குப் போனாள். மாரிசோலை வைத்திருந்த காவல் மையம் இருநூறு மைல் தூரம். பார்வையாளர் நேரம் நான்கு மணிவரைதான்.